விற்பனைக்குரிய வீட்டில் காலண்டரின் ஸ்தானம்

வீட்டை விலைக்கு விடுவதென்று நிச்சயித்த குடும்பஸ்தர், அந்நிச்சயம் பிறந்த மறுநாளே, அதுவரை கண்ணில் பட்டும் கருத்தில் படாதிருந்த சுவர் விரிசல்களை ஒவ்வொன்றாகக் கண்டு, அவற்றின் நீள அகலங்களை மனத்தால் அளந்து, அந்த அளவுக்குப் பொருந்தும் காலண்டர்களைத் தேடப் புறப்படுகிறார் என்பது, சென்னையில் பழைய தனி வீடுகள் கைமாறும் விதத்தைக் கவனித்த எவரும் மறுக்கத் துணியாத விஷயம். வீடு கட்டுவதற்கு வாஸ்து நூல்கள் உண்டு. மனையடி சாஸ்திரம் மலிவுப் பதிப்பாகக் கோயில் வாசல்களில் கிடைக்கிறது. கட்டிய வீட்டை வாங்க வருவோர் முன் அலங்கரித்து நிறுத்தும் கலைக்கோ இதுவரை லக்ஷணம் வகுத்தார் இலர். அந்த மகத்தான குறையில் ஒரு காலண்டர் அளவையேனும் நிரப்புவதே நமது நோக்கம்.

முதலில் சட்டத்தின் நிலையை ஆராய்வோம். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், சாமானிய ஜாக்கிரதையால் வாங்குபவர் கண்டுகொள்ள இயலாததுமாகிய முக்கியமான குறை எதுவாயினும் அதை விற்பவர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்றும், சொல்லாதொழிந்தால் அது மோசடியே என்றும் விதிக்கிறது. ஆகவே குறைகள் இரு வகைப்படும்: கண்டுகொள்ளத் தக்கவை, தகாதவை. காலண்டருக்குப் பின்னால் வாசம் செய்யும் விரிசல் இவற்றுள் எந்த வகையைச் சேர்ந்தது? காலண்டரைத் தூக்கிப் பார்ப்பது சாமானிய ஜாக்கிரதையா, அல்லது அநாகரிகமா? விற்போர் மதத்தைச் சார்ந்தவர்கள், காலண்டர் ஓர் ஆணியில் கயிற்றால் மட்டுமே தொங்குகிறது என்பதையும், மின்விசிறியை ஐந்தில் வைத்தால் அது தானே விலகி விலகி விரிசலை விநாடிக்கு ஒருமுறை வெளியிடுகிறது என்பதையும் எடுத்துக்காட்டி, பசை கொண்டு ஒட்டினால்தான் மோசடி என்று வாதிப்பார்கள். வாங்குவோர் மதத்தினரின் பதில் சுருக்கமானது: வீடு பார்க்க வந்தபோது மின்விசிறி ஓடவில்லை.

இனி, வாங்க வருபவர் உண்மையை எவ்வழியில் அறிகிறார் என்பதைக் காண்போம். பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்று நியாய நூலார் வகுத்த நான்கு பிரமாணங்களும், தர்க்கத்தில் ஒரு பாடம் கூடப் படித்திராத வீட்டுத் தரகர்களிடையே இன்றளவும் பூரண வழக்கில் இருப்பது ஆராய்ச்சியாளருக்கு ஆனந்தமளிக்கும் காட்சியாகும்.

கண்ணால் கண்டதையே மெய்யெனக் கொள்ளும் லோகாயதர்கள் பெரும்பாலும் இளந்தம்பதிகள். இவர்களுக்காகவே வாசலில் பெரிய கோலமும் நிலையில் மாவிலைத் தோரணமும் ஏற்படுகின்றன. பல வருஷங்களாக ஒரே ஒரு குழல்விளக்கில் காலம் தள்ளிய கூடத்தில் திடீரென்று நான்கு விளக்குகள் எரிகின்றன. பரணிலிருந்த பித்தளை அண்டாக்கள் உறவினர் வீட்டுக்குக் குடிபெயர்கின்றன. மிகவும் நுட்பமான பிரச்சினை, கூடத்தில் மாலையுடன் வீற்றிருக்கும் காலஞ்சென்ற தாத்தாவின் படம். அது இருந்தால், வருபவர் குரலைத் தாழ்த்தி, “இவர் இந்த வீட்டிலேயா...?” என்று ஆரம்பிப்பார். எடுத்துவிட்டாலோ, அத்தனை வருஷமும் வெளிச்சம் படாதிருந்த சதுரம் சுவரில் பளிச்சென்று தெரியும். எனவே தாத்தாவின் ஸ்தானத்தில் காலண்டர் அமர்கிறது. தாத்தா தம் ஆயுளில் கட்டிய வீட்டை விற்பதற்குத் தாமே இடையூறாகிவிட்டார் என்ற விசாரம் எவருக்கும் எழுவதாகத் தெரியவில்லை.

அனுமானம் இதனினும் ஆழமானது; இதைக் கையாளுபவர் அநேகமாக அத்தம்பதிகள் இரண்டாம் முறை அழைத்து வரும் மாமனார். பொதுப்பணித் துறையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராக இருந்துவிட்டால் விற்பவரின் ஜாதகம் அன்று சரியில்லை. மலையில் புகை கண்டவன் அங்கே நெருப்பு உண்டென்று துணிவதுபோல, இவர் நான்கு சுவர்களில் ஒன்றில் மட்டும் புது வர்ணம் கண்டால் அங்கே பழைய ஓதம் உண்டென்று துணிகிறார். துணிவு பிழையன்று. ஈரத்தடுப்புப் பூச்சில்லாத பழைய அஸ்திவாரத்தில், மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறி, தன்னோடு கொண்டுவந்த உப்பைச் சுவர் முகத்தில் விட்டுவிட்டு ஆவியாகிறது, உப்புப் பூக்கிறது, பூச்சு உதிர்கிறது. அக்காலத்தில் நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பாவது ஈரத்தை வெளியே விட்டது. இக்காலத்து வழவழப்பான வர்ணம் அதை உள்ளே அடைத்து, சில மாதங்களில் கொப்புளமாக வெடிக்கிறது. ஆதலால் வர்ணம் அடித்தலுக்கும் கிரயப் பத்திரம் பதிவாதலுக்கும் இடையிலுள்ள காலத்தை நிர்ணயிப்பதே இச்சாஸ்திரத்தின் ஜீவநாடி. மேலே மெட்ராஸ் டெரஸ் உள்ள வீடாயின், தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் போட்ட அத்தளம், கைப்பிடிச் சுவரோடு சேரும் இடத்தில் ஒழுகுவது வழக்கமாகையால், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வீட்டைக் காட்டுவது மூடத்தனம். மார்கழியிலும் ஆடியிலும் எவரும் பத்திரம் பதியார். எஞ்சிய மாதங்களில் வெயில் ஏறியிருக்கும் சித்திரையே உத்தமம்.

மாமனார் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே வந்து காலண்டரை அடையும் கட்டம், நமது ஆராய்ச்சியின் உச்சம் எனலாம். அவருக்குச் சந்தேகம் ஏதுமில்லை. வீடு பிடித்திருக்கிறது, நாளைக்கே முன்பணம் கொடுக்கலாமா, ராகு காலம் எப்போது, கரிநாள் இல்லையே என்று பார்க்க வேண்டும், அவ்வளவே. தாளைத் தூக்குகிறார். வேறு எந்தத் திரையாயினும் தொடாமல் போயிருப்பார்; நல்ல நேரம் அச்சிட்ட திரையைத் தமிழன் தொடாமல் போனதில்லை. விரிசலை மறைக்கத் தினசரிக் காலண்டர் அறவே கூடாது, பஞ்சாங்கக் குறிப்பில்லாத இயற்கைக் காட்சிப் படமே உசிதம் என்னும் சித்தாந்தம் இவ்வாறு ஸ்தாபிக்கப்படுகிறது. சிவகாசி அச்சகத்தார் ஆடிப்பெருக்கன்று புது வருஷத்து மாதிரிகளை வெளியிடும்போது இந்த உபயோகத்தையும் மனத்தில் கொள்வார்களாக.

உபமானத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவில் போன மாதம் ஒரு கிரவுண்டு என்ன விலைக்குப் போயிற்று என்பதை விற்பவர் ஒரு தொகையாகவும் வாங்குபவர் வேறொரு தொகையாகவும் அறிந்திருப்பர். இரண்டும் அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்போடு ஒத்துப்போவதில்லை. மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றையும், காலண்டர் கொண்டு மறைக்கவியலாதவை என்ற காரணத்தால், இங்கே விட்டுவிடுகிறோம்.

கடைசிப் பிரமாணமாகிய சப்தம், அதாவது ஆப்த வாக்கியம், தெருமுனையில் தள்ளுவண்டி வைத்திருக்கும் இஸ்திரிக்காரரிடமிருந்து உற்பத்தியாகிறது. தெருவிலுள்ள எல்லா வீட்டுத் துணிகளும் எல்லா வீட்டுச் செய்திகளும் அவர் கையால் மடிக்கப்பட்டவை. இதை உணர்ந்த விற்பவர், வீடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியதிலிருந்து, கூலிக்கு மேல் சில்லறை வாங்காமலும், பேரப்பிள்ளையின் படிப்பை விசாரித்தும் அவரோடு சிநேகம் வளர்க்கிறார். அது வீண் போவதில்லை. வாங்குபவர் ஒருநாள் காலையில் தனியே வந்து, வண்டியருகே நின்று, நயமாக விசாரிக்கும்போது, இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மனப்பூர்வமாகச் சொல்கிறார்:

“தைரியமா வாங்குங்க சார், ராசியான வீடு. ஓனர் தங்கமான மனுசன். வருசா வருசம் மழைக்கு அந்த வடக்குச் சுவரு ஊறிக்கிட்டே கெடந்துச்சு. அடுத்தவங்க வந்து கஷ்டப்படக் கூடாதுன்னு, போன மாசம்தான் எல்லாத்தையும் சுரண்டிப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காரு.”

இதன் பிறகு நிகழும் விலைப் பேச்சு அர்த்தசாஸ்திரத்தைச் சேர்ந்ததாகையால், நமது ஆராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டது.