முகத்துக்கு ஒரு வாயு

எங்கள் வீட்டில் வாயு என்றால் அது வயிற்றுச் சமாசாரம். ஓமம், பெருங்காயம், சுக்குக் கஷாயம் என்று அதை எப்படியாவது வெளியேற்றத்தான் பரம்பரை பரம்பரையாகப் பாடுபட்டு வந்திருக்கிறோம். காசு கொடுத்து வாங்கி அதை உடம்புக்குள் ஏற்றும் காலம் வரும் என்று என் பாட்டியிடம் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவருக்கு முதலில் ஒரு டம்ளர் கஷாயம் கொடுத்திருப்பாள்.

அமெரிக்காவிலிருந்து வந்த மகள் பெட்டியைத் திறந்து அம்மாவுக்குப் பாதாம் பருப்பும் எனக்கு இரண்டு குட்டி பாட்டில்களும் எடுத்துக் கொடுத்தாள். "நைட்ரிக் ஆக்ஸைடு சீரம்ப்பா. இதுல ஒரு அழுத்து, அதுல ஒரு அழுத்து. உள்ளங்கையில கலந்து உடனே முகத்துல பூசிக்கணும். தோல் செல்லுக்குள்ள போய் வேலை செய்யும். பத்து வயசு குறைஞ்சிடும்."

விலையை என் மனைவி மனக்கணக்கிலேயே ரூபாய்க்கு மாற்றினாள். 'இந்த மூஞ்சிக்கு இவ்வளவா?' என்று அவள் கேட்கவில்லை. பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பாட்டிலைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

என் முகத்துக்கு உதவி தேவை என்பதில் வீட்டில் இரண்டாவது கருத்து கிடையாது. ஓய்வூதியம் வாங்குகிறவன் நான். உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு வருஷா வருஷம் சான்று கொடுக்க வேண்டும். இப்போது செல்போன் முன்னால் முகத்தைக் காட்டினாலே போதும் என்றாகிவிட்டது. மற்றவர்களுக்குப் போதும். எனக்கு மட்டும் 'வெளிச்சம் போதவில்லை' என்று வருகிறது. ஹாலில் எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்தோம். "அது ஹாலைச் சொல்லலைங்க" என்றாள் மனைவி.

பூசுவதற்கு முன் இது என்ன சரக்கு என்று தெரிந்துகொள்ள எதிர் வீட்டு வேதியியல் வாத்தியாரிடம் போனேன். ஓய்வு பெற்றும் பாடம் எடுப்பதை நிறுத்தாதவர். ஆள் கிடைக்காத குறைதான். "நைட்ரஜன் ஒண்ணு, ஆக்ஸிஜன் ஒண்ணு சார். இவ்வளவுதான் மொத்த உருப்படி. சிரிப்பூட்டும் வாயு வேற, அதுல நைட்ரஜன் ரெண்டு. இது வானத்துல மின்னல் வெட்டினாலும் உண்டாகும், வண்டிப் புகையிலயும் வரும்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். "அப்படின்னா சிக்னல்ல போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்க, இலவசமாவே கிடைக்கும்" என்றாள் மனைவி. இதற்கும் வாத்தியாரிடம் பதில் இருந்தது: புகைக்குழாயை விட்டு வந்ததும் அந்த வாயு காற்றோடு சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்ஸைடு ஆகிவிடும். அது நுரையீரலுக்கு எமன்.

இத்தனை பொல்லாத வாயுவை நம் உடம்பே தயாரிக்கிறது என்பதுதான் விசித்திரம். அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பவர் முயலின் ரத்தக் குழாயை வைத்துச் சோதனை செய்தார். உள் சவ்வு முழுசாக இருந்தால், ஒரு மருந்தை விட்டதும் குழாய் தளர்ந்து விரிந்தது. சவ்வு உரசிப் போயிருந்தால் விரியவில்லை. ஆக, அந்தச் சவ்வு ஏதோ ஒன்றை அனுப்பிக் குழாய்ச் சுவரைத் தளரச் சொல்கிறது. 1980இல் இதை எழுதினார். அனுப்பப்படும் அந்த ஏதோ ஒன்று இந்த வாயுதான் என்று பிறகு தெரியவந்தது. 1998இல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் நோபல் பரிசு. அந்தப் பரிசை ஏற்படுத்திய நோபல், நைட்ரோகிளிசரினை வைத்து டைனமைட் செய்து பணக்காரரானவர். கடைசிக் காலத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தபோது வைத்தியர்கள் எழுதிக் கொடுத்ததும் அதே நைட்ரோகிளிசரின். அது உடம்புக்குள் போய் இந்த வாயுவைத்தான் தருகிறது என்பது அவர் செத்து எண்பது வருஷம் கழித்துத்தான் புரிந்தது. என் மைத்துனர் சட்டைப் பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட் மாத்திரையும் இதே வம்சம்.

"எங்கண்ணன் அதை எத்தனை வருஷமா நாக்கடியில வைக்கிறார். அவர் மூஞ்சி என்ன மின்னுதா?" என்று குறுக்கே விழுந்தாள் மனைவி. நியாயமான கேள்வி. மைத்துனரின் முகத்தைப் பற்றி நான் கருத்துச் சொல்லுவதில்லை.

தோலுக்கும் இதற்கும் என்ன உறவு? நம் தோலிலேயே இந்த வாயுவின் சரக்கு, நைட்ரைட் முதலான உருவங்களில் இருப்பு வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ரிச்சர்ட் வெல்லரும் அவருடைய கூட்டாளிகளும் 24 பேரைப் புற ஊதா விளக்கின் கீழ் 20 நிமிஷம் உட்கார வைத்தார்கள். இன்னொரு முறை, கதிரை மறைத்துவிட்டு வெறும் சூடு மட்டும் படும்படி உட்கார வைத்தார்கள். கதிர் பட்டபோது தோலில் இருந்த சரக்கு வாயுவாகி ரத்தத்தில் கலந்தது. ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. வெறும் சூட்டுக்கு அப்படி இறங்கவில்லை. 2014இல் வெளியான ஆய்வு இது. வெயிலே தேடிப் பிடிக்க வேண்டிய ஊரில் இதைப் பெரிய செய்தியாகப் போட்டார்கள்.

என் வீட்டில் இது வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. "இதுக்குத்தான் வத்தல் காயப்போட்டா காக்கா விரட்ட உங்களை மொட்டை மாடிக்கு அனுப்புறேன். என்னமோ வேலை வாங்குறேன்னு நினைச்சீங்க." அந்த வருஷ வற்றல் சீசன் முழுக்க நான் விஞ்ஞான ரீதியாக மாடியில் இருந்தேன். அளவுக்கு மீறிய வெயில் தோலைச் சுருக்கும், புற்றுநோய்க்கும் இழுத்துச் செல்லும் என்று நான் பதிலுக்கு எடுத்துச் சொன்னது காக்கைகளுக்கு மட்டும் கேட்டது. பீட்ரூட்டிலும் கீரையிலும் இருக்கும் நைட்ரேட்டை நாக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மாற்றிக் கொடுக்க, உடம்பு அதிலிருந்தும் இந்த வாயுவைச் செய்துகொள்ளும் என்று வாத்தியார் தெருவில் வைத்து உரக்கச் சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து பீட்ரூட் பொரியலை இலையோரம் தள்ளியே பழகியவன் நான். மறுநாளிலிருந்து தள்ள முடியவில்லை.

சரி, நேரே தோலில் பூசினால்? இங்கேதான் சிக்கல். தோலின் மேல் அடுக்கு செத்த செல்களால் ஆனது, தாளை விட மெல்லியது. இந்த வாயுவோ பொடிசு. செல் சவ்வைத் தாண்டிப் போவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் உடம்புக்குள் அதன் ஆயுள் சில விநாடிதான். ஜாடியில் அடைத்துக் கடையில் வைத்து விற்க முடியாது. கோலி சோடாவைப் பார்சல் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் என்ன மிஞ்சும்? கடை வாசலில் உடைத்து அங்கேயே குடித்தால்தான் உண்டு. அதனால்தான் இரண்டு பாட்டில். ஒன்றில் வாயுவைப் பிடித்து வைத்திருக்கும் பொருள், மற்றொன்றில் அதை அவிழ்த்துவிடும் புளிப்பு. கலந்த கணத்திலிருந்து வாயு கிளம்புகிறது. அது தீர்வதற்குள் பூசிக்கொள்ள வேண்டும். கண்ணாடியைத் தேடுவதற்கே அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் என் போன்றவர்களுக்கு ஏற்பட்ட மருந்தில்லை இது.

இதே இரட்டை வித்தையை ஒழுங்காகச் சோதித்து மருந்தாக்கியவர்களும் இருக்கிறார்கள். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பிறந்த யோசனை. நோவன் என்ற கம்பெனி வளர்த்தது. பெர்டாசிமர் என்ற ஜெல், 10.3 சதவீதம். இன்னொரு ஜெல்லோடு சம அளவு கலந்து, தினம் ஒரு தடவை, 12 வாரம் வரை பூச வேண்டும். 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. அனுமதி வருவதற்கு முந்தைய வருஷமே கம்பெனி திவாலாகி, மருந்து வேறு கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. பெற்றவள் ஒருத்தி, பேர் வைத்தவள் ஒருத்தி.

அனுமதி எதற்கு என்று பார்த்தேன். இளமைக்கு இல்லை. சுருக்கத்துக்கும் இல்லை. மொலஸ்கம் என்று ஒரு வைரஸ் நோய். குழந்தைகளின் உடம்பில் முத்து முத்தாக, நடுவில் குழிவிழுந்த கொப்புளங்களாக வரும். அதற்குத்தான், ஒரு வயசுக் குழந்தையிலிருந்து கொடுக்கலாம். அதே வழியில் முகப்பருவுக்கும் முயன்றார்கள். இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. ஒன்று தேறியது, மற்றொன்று தேறவில்லை. ஆக, இந்த மருந்துக்கு நான் தகுதி பெறவேண்டுமானால் எனக்கு வைரஸ் கொப்புளம் வர வேண்டும். வயசு பிரச்சினையில்லை, மேல் வரம்பு போடவில்லை.

இருந்தாலும் வாங்கியாகிவிட்டதே என்று ஒரு நாள் ராத்திரி பூசிக்கொண்டேன். முகம் லேசாகச் சிவந்தது. ரத்தக் குழாய் விரிந்தால் சிவக்கத்தானே செய்யும். "என்னங்க, வெக்கப்படுறீங்களா?" என்றாள் மனைவி. கல்யாணத்தன்றுகூட அவள் இப்படிக் கேட்டதில்லை. சீரத்தால் கிடைத்த ஒரே லாபம் அது என்று குறித்து வைத்திருக்கிறேன்.

வாத்தியார் விடவில்லை. "வெயில் பட்டா தோல் கறுக்குதே, அதுக்கு நிறமிச் செல்லுக்குத் தூது போறதுலயும் இந்த வாயுவுக்குப் பங்கு உண்டு சார். வெள்ளையாகணும்னு இதைப் பூசிக்கிட்டா வாயு ஒத்துக்கணுமே" என்றார். அளவு மீறினால் வேறு சில மூலக்கூறுகளோடு கூடிச் செல்களையே தாக்குமாம். சோரியாசிஸ் உள்ள தோலில் இது ஏற்கெனவே மிகுதியாக உற்பத்தியாகிறதாம். நல்லது செய்கிற வாயுவும் கெட்டது செய்கிற வாயுவும் ஒன்றேதான். எவ்வளவு, எந்த இடம், எத்தனை நேரம் என்பதில் இருக்கிறது விஷயம். அந்தக் கணக்கை என் உள்ளங்கையை நம்பி விட்டிருக்கிறார்கள். காப்பிக்குச் சர்க்கரை போடவே என்னை நம்பாத வீடு இது.

என்னைப் போல உங்களுக்கும் பாசமுள்ள மகள் இருந்தால், இரட்டை பாட்டிலோடு வரத்தான் செய்வாள். மனம் நோகப் பேசாதீர்கள். நெஞ்சு வலிக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பூசாதீர்கள். பிறகு ஒரு காரியம் செய்யுங்கள்: மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அது மருந்தா, அழகுப் பொருளா என்று லேபிளைப் பாருங்கள். மருந்து என்றால் பலன் உண்டு என்று சோதித்துக் காட்டிய பிறகுதான் அமெரிக்காவில் கடைக்கு வரும். அழகுப் பொருளுக்கு அங்கே முன்அனுமதியே தேவையில்லை.