கண்ணை மட்டும் விட்டுடுங்க

"கண்ணை மட்டும் விட்டுட்டு மத்தபடி தோலை உரிச்சிடுங்க சார்."

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்த வசனத்தை விளக்க வேண்டியதில்லை. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டபடி ஹெட்மாஸ்டர் அறைக்குள் நுழைந்த அப்பா, பையனை முன்னால் தள்ளி இதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார். முத்திரைத்தாள் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. உலகத்திலேயே சுருக்கமான அதிகாரப் பத்திரம் அதுதான். கண்ணுக்கு மட்டும் ஏன் விலக்கு என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மார்க் வாங்க அது வேண்டுமே.

போன மாதம் பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கம் ஒரு டீக்கடையில் இந்த வசனத்தின் புதுப் பதிப்பைக் கேட்டேன். விடிகாலை நேரம். ஒரு ஷிஃப்ட் இறங்கி இன்னொரு ஷிஃப்ட் ஏறுகிறது. கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி உறுமிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் நின்று டீ குடித்தவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். கான்ட்ராக்ட். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஹெல்மெட்.

"பையன் பேச்சே கேக்க மாட்றான்ணா. பத்தாவது. ஸ்கூலுக்குன்னு கிளம்புறான், ஸ்கூலுக்குப் போறதில்ல. கூல் லிப் வேற. போனைப் புடுங்கினா கதவை ஒதைக்கிறான்."

சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார். மறுவாழ்வு மையமாம்.

"அவங்களே வண்டி அனுப்புவாங்களாம்ணா. நைட்டு ரெண்டு மணிக்கு நாலு பசங்க வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்களாம். மூணு மாசம் நாம போய்ப் பாக்கவே கூடாது. அப்புறம் வந்து பாருங்க, கை கட்டி நிப்பான்னு சொன்னாங்க. மாசம் பதினஞ்சாயிரம்."

குட்கா வகையறாவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. அந்தத் தடை எவ்வளவு பலமானது என்றால், பதினைந்து வயதுப் பையனால் மட்டும்தான் அதைத் தாண்டிக் கூல் லிப் வாங்க முடிகிறது. விற்ற ஆளை நைட்டு ரெண்டு மணிக்குத் தூக்க வண்டி அனுப்பும் மையம் ஏதாவது உண்டா என்று கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலி.

யோசித்துப் பார்த்தால், பிள்ளைகளைத் திருத்தும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது. பேரிலேயே பிள்ளை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை காரும் பைக்கும் கண்ணாடியும் டயரும் செல்போனும் செய்து உலகத்துக்கே அனுப்புகிறோம். கீழ்ப்படிதல் ஒன்றுதான் இன்னும் குடிசைத் தொழிலாகவே கிடக்கிறது. எங்கோ ஒரு வாடகை வீட்டு மாடியில், ஜன்னலுக்குக் கம்பி அடித்து, வெளியே பூட்டுப் போட்டு, முன்னாள் குடிகாரர் ஒருவரை "கவுன்சிலர்" ஆக்கி நடத்தவேண்டியிருக்கிறது. அரசு மனது வைத்து ஐம்பது ஏக்கர் ஒதுக்கினால் போதும். அடங்காத பிள்ளை ஒரு வாசலில் உள்ளே, கை கட்டிய பிள்ளை மறு வாசலில் வெளியே. ஏற்றுமதிக்கும் வாய்ப்புண்டு.

ஒரே ஒரு இடைஞ்சல். தொழிற்பேட்டைக்குள் வந்துவிட்டால் தொழிற்சாலைக்குரிய மரியாதையைப் பிள்ளைக்கும் தரவேண்டி வரும்.

இங்கே எந்தக் கம்பெனி வாசலிலும் ஒரு பலகை பார்க்கலாம்: விபத்தில்லாமல் கடந்த நாட்கள் இத்தனை. யாருக்காவது விரல் நசுங்கினால் மறுநாள் அந்த எண் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அடிபடாமல் தப்பித்தால் அதையும் தனி நோட்டில் எழுதவேண்டும். ரோபோ கை ஒன்று நின்றுபோனால் யாரும் அதை ஸ்பேனரால் அடிப்பதில்லை. நாலு என்ஜினீயர்கள் சுற்றி நின்று ஏன் என்று கேட்கிறார்கள். ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்தது: ஐந்து தடவை ஏன் கேட்கவேண்டும். ஏன் நின்றது? ஃபியூஸ் போச்சு. ஏன் போச்சு? பேரிங் இறுகிடுச்சு. ஏன் இறுகிச்சு? எண்ணெய் போகல. இப்படியே ஐந்தாவது ஏனுக்குப் போனால் எண்ணெய் பம்பில் வடிகட்டி இல்லாத குற்றம் பிடிபடும். ஆக, தப்பு ரோபோ கையின் மேல் இல்லை.

நின்றுபோன பிள்ளையிடம் ஒரு ஏன் கூடக் கேட்பதில்லை. நேரே ஸ்பேனர்.

பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில் வழியே போனால் செங்கல்பட்டு. அங்கே தனியாருடையது என்று தள்ளிவிட முடியாத ஒன்று இருக்கிறது. அரசு சிறப்பு இல்லம். 2022 டிசம்பர் 29 அன்று, ரயில்வே பேட்டரி திருடியதாகத் தாம்பரம் பக்கத்துப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். வயது 17. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தி இந்த இல்லத்துக்கு அனுப்பினார்கள். டிசம்பர் 31 அன்று அவன் உயிரோடு இல்லை. ஊரெல்லாம் புத்தாண்டுக் கேக் வெட்டிக்கொண்டிருந்த ராத்திரி அது. பிரேதப் பரிசோதனையில் அடித்த காயங்கள் தெரிந்தன. இல்லத்தின் பணியாளர்கள் 6 பேர் கைதானார்கள்.

பேட்டரியைப் பற்றி இந்த வட்டாரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு பேட்டரிக்கும் எண் உண்டு, பட்டை உண்டு. எது எந்தக் கையில் எந்த நிமிடம் இருந்தது என்பதை ஸ்கேன் செய்த நொடியில் திரை சொல்லிவிடும். அந்தப் பையன் எந்தக் கையில் எந்த நிமிடம் இருந்தான் என்று சொல்ல ஒரு பிணவறை தேவைப்பட்டது.

இப்படிப்பட்ட இல்லங்களுக்கு நம் அரசு வைத்திருக்கும் பெயர்கள் அழகானவை. விசாரணை முடியும்வரை பிள்ளைகளை வைத்திருக்கும் இடத்துக்குக் கூர்நோக்கு இல்லம் என்று பெயர். எவ்வளவு நல்ல தமிழ்! கூர்ந்து நோக்கத்தான் ஆளில்லை. இந்தியாவிலேயே சிறுவர்களுக்கென்று முதலில் தனிச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது, 1920-ல். நூறு வருஷ அனுபவம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். 2023-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் ஆணையமாக அமைத்து, இந்த இல்லங்களை எப்படிச் சீர்திருத்துவது என்று அறிக்கை கேட்டார்கள். சீர்திருத்தப் பள்ளிகளைச் சீர்திருத்த ஆணையம். அவர் அறிக்கை கொடுத்தார். நம் ஊரில் அறிக்கைகளுக்கு எந்த இல்லத்திலும் கிடைக்காத பாதுகாப்பு கிடைக்கும். அவற்றை யாரும் தொடுவதில்லை.

அந்தப் பையனின் பெயரை நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுதக்கூடாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74: பெயரை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல சட்டம், மதிக்கிறேன். அதே புத்தகத்தில் சில பக்கம் தள்ளி பிரிவு 82. இல்லத்துப் பணியாளர் ஒருவர் பிள்ளையை "ஒழுங்குபடுத்தும் நோக்கத்துடன்" அடித்தால், முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம். சிறை கிடையாது. வேலை போகும் என்பது உண்மைதான். கொடுமை என்று நிரூபித்தால் பிரிவு 75-ல் 5 வருடம் வரை போகலாம் என்பதும் உண்மைதான். ஆனால் நாற்பது பூட்டுக்குப் பின்னால் நடந்ததை நிரூபிப்பது யார்? கூட இருந்த பிள்ளைகளா? அவர்கள் ராத்திரி தூங்கப்போவதும் அங்கேதானே.

ஆக விலைப்பட்டியல் இது. பிள்ளையின் பேரை அச்சடித்தால் 2 லட்சம் வரை. பிள்ளையை அடித்தால் பத்தாயிரம். டீக்கடை நண்பர் சொன்ன மையத்தின் ஒரு மாதக் கட்டணத்தில் அபராதம் போக ஐயாயிரம் மிச்சம்.

"முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்றார்கள் நம் பெரியவர்கள். முருங்கை இதுபற்றி என்ன நினைக்கிறது என்று எந்தப் பெரியவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

நாம்தான் பின்தங்கிய நாடு, வளர்ந்த நாட்டில் விஞ்ஞானபூர்வமாகச் செய்வார்கள் என்று நினைப்பவர்களுக்காக: இந்தத் தொழிலில் அமெரிக்காதான் நமக்கு முன்னோடி. 1958-ல் சார்லஸ் டெடெரிக் என்பவர் கலிஃபோர்னியாவில் சினனான் என்று ஒரு போதை மீட்பு அமைப்பைத் தொடங்கினார். வட்டமாக உட்காரவைத்து ஒருவனை எல்லோரும் சேர்ந்து வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்ப்பதுதான் சிகிச்சை. அதற்கு "விளையாட்டு" என்று பெயர். கடைசியில் தங்களுக்கு எதிராக வழக்காடிய வக்கீலின் தபால் பெட்டிக்குள் பாம்பை விடும் அளவுக்கு (1978) சிகிச்சை முற்றியது. சினனான் போனது, அந்த விளையாட்டு போகவில்லை. அடங்காத பதின்வயதுப் பிள்ளைகளுக்கான விடுதிகளாகக் காட்டிலும் மலையிலும் முளைத்தது. ஹோட்டல் குடும்பத்து வாரிசான பாரிஸ் ஹில்டனே, சிறுமியாக இருந்தபோது நள்ளிரவில் படுக்கையிலிருந்து இரண்டு ஆட்கள் தன்னைத் தூக்கிக்கொண்டு போனதையும், யூட்டா மாநிலத்து விடுதியில் அடியும் தனியறையும் பட்டதையும் 2021-ல் சட்டமன்றக் குழுவின் முன் சொன்னார். அங்கேயும் வண்டி ராத்திரியில்தான் வருகிறது. கோடீஸ்வரரின் மகளுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரின் மகனுக்கும் இவ்வளவு சமத்துவத்தை வேறு எந்தத் தத்துவமும் கொண்டுவந்ததில்லை.

2024 ஜூனில் அமெரிக்க செனட்டின் நிதிக்குழு இந்த விடுதிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தலைப்பு: "அலட்சியத்தின் கிடங்குகள்". கிடங்கு என்றால் என்னவென்று ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்குத் தெரியும். சரக்கு வரும், அடுக்குவார்கள், பூட்டுவார்கள், கேட்பவன் வரும்வரை கிடக்கும். அந்த வருடம் டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டமும் போட்டது. முக்கியமாக அது என்ன செய்யச் சொல்கிறது தெரியுமா? ஆராய்ந்து பார்க்கச் சொல்கிறது. அறிக்கை விஷயத்தில் அவர்களும் நம்மவர்கள்தான்.

நம் சட்டம் இன்னும் மேல். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் போதைப் பழக்கத்துக்கும் பொருந்தும். பிரிவு 87-ஐப் படித்தால் கண்ணீர் வரும், அவ்வளவு கருணை. 18 வயதுக்குட்பட்டவரை வேறு வழியே இல்லாதபோதுதான் உள்ளே சேர்க்கலாம். ஒரு மனநல மருத்துவரோடு இன்னொரு மருத்துவரோ நிபுணரோ தனித்தனியாகப் பார்த்து ஒப்பவேண்டும். பெரியவர்களோடு சேர்த்து வைக்கக்கூடாது. 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போகவேண்டும். 30 நாளைத் தாண்டினால் வாரியம் கட்டாயம் மறுபரிசீலனை செய்யவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை உள்ளே இருக்கும் அத்தனை நாளும் பெற்றவரோ அவர் அமர்த்தும் ஆளோ கூடவே தங்கவேண்டும்.

கூடவே தங்கவேண்டும் என்கிறது சட்டம். மூணு மாசம் பாக்கவே கூடாது என்கிறது கார்டு. எதை நம்புவது? கார்டில் போன் நம்பர் இருக்கிறது.

பதிவே இல்லாமல் மையம் நடத்தினால் முதல் தடவை அபராதம் 5,000-த்திலிருந்து 50,000 வரை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் எரிந்தபோது, அவர்கள் ஓட முடியாமல் சங்கிலியில் இருந்தார்கள். எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்று நாடாளுமன்றம் வெளிப்படையாக எழுதி முடிக்க 2017 ஆயிற்று. சங்கிலிக்குப் பதினாறு வருடம் என்றால் வயரால் அடிப்பதற்கும் முட்டி போட வைப்பதற்கும் எத்தனை வருடமோ, கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவையும் டீக்கடையில் சொல்ல முடியாது. கூடவே தங்கவேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு.

"லீவு எங்கண்ணா இருக்கு? ரெண்டு நாள் சேந்தாப்ல போடலன்னா வேற ஆளப் போட்டுடுவான்."

எனக்கு அந்த ஜப்பான்காரன் ஞாபகம் வந்தான்.

"பையன் ஏன் ஸ்கூலுக்குப் போறதில்லை?"

கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்தார். "ஏதோ அசிங்கமாப் பேசிட்டாங்களாம்ணா, எல்லார் எதிரிலயும். என்னோட மிசஸ் சொன்னா."

"உங்ககிட்ட அவன் ஏன் சொல்லலை?"

"நான் வீட்டுக்குப் போறப்ப தூங்கிட்டிருப்பான். அவன் எந்திரிக்கிறப்ப நான் இங்க இருப்பேன். ஓ.டி., நைட் ஷிஃப்ட்டு... மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமதான் பாக்கிறது."

மூன்றாவது ஏனுக்கு வாயைத் திறந்தேன். பஸ் ஹாரன் அடித்தது. டம்ளரைக் கீழே வைத்து, ஹெல்மெட்டை மாட்டி, கார்டை என் கையிலிருந்து வாங்கினார்.

"வண்டிக்காரன் சாயந்தரம் போன் பண்றேன்னிருக்கான்ணா" என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய்ப் படியில் ஏறிக்கொண்டார்.