கேளுங்கள், சொல்கிறேன்: பக்கம் யாருக்காக?

கேள்வி: எங்கள் சங்கத்துக்கு இணையப் பக்கம் செய்கிறோம். எந்த நிறம் ராசி? – பசறை வாசகர்

பதில்: வெள்ளையில் கறுப்பு. வெயிலில் நின்று படிப்பவருக்கும் கண் மங்கிய பாட்டிக்கும் அதுதான் ராசி.

கேள்வி: மேலே தலைப்பு ஓடிக்கொண்டே இருந்தால்? – லுணுகலை வாசகர்

பதில்: வாசகரும் ஓடிவிடுவார்.

கேள்வி: கணினியில் அழகாக இருக்கும் பக்கம் போனில் எறும்பு எழுத்தாகிறது. விரலால் பெரிதாக்கிப் படித்தால் போதாதா? – மடுல்சீமை வாசகி

பதில்: போதாது. பெரிதாக்கினால் வரியின் வால் திரைக்கு வெளியே போய்விடும். வலப்பக்கம் இழுத்து, திரும்ப இடப்பக்கம் இழுத்து, அடுத்த வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். பத்து வரி விண்ணப்ப விதிக்கு இருபது இழுப்பு! இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018இல் இதற்கு விதியே எழுதிவிட்டது: 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் இழுக்காமல் படிக்க முடிய வேண்டும். சின்னப் போனின் அகலம் அது. இரண்டு பக்கம் செய்யக் காசு ஏது என்பார்கள். இரண்டு எதற்கு? 2010இல் இணைய வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் ஒரே பக்கத்தில் வழி காட்டினார். அகலத்தைப் பிக்சலில் ஆணி அடிக்காமல் விகிதத்தில் கொடுங்கள். படங்கள் திரையோடு சுருங்கட்டும். திரை ஒடுங்கினால் பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கட்டும். அலங்காரமில்லாத வெறும் பக்கம் எந்தத் திரையிலும் தானாகவே மடங்கும். அதை 1000 பிக்சலுக்கு இறுக்கிக் கட்டுவதுதான் மெனக்கெட்டுச் செய்கிற வேலை. எல்லோரிடமும் இப்போது நல்ல போன் இருக்கிறதே என்றும் சொல்வார்கள். போன் இருக்கும், சிக்னல்? 2021இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, உங்களுக்குப் பக்கத்து லுணுகலையில் பிள்ளைகள் காட்டுமலை ஏறி, சுமார் 30 அடி உயர மரப் பரணில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். அந்தப் பரணுக்குப் போய்ச் சேர வேண்டிய பக்கத்தின் உச்சியில், மாலையோடு நிற்கும் தலைவரின் 4 மெகாபைட் படத்தை ஏற்றுவது அநியாயம். திரைக்கேற்ற அளவுப் பிரதியைத் தேர்ந்து இறக்க உலாவிக்குத் தெரியும். பிரதிகளை நாம்தான் செய்து வைக்க வேண்டும்.

கேள்வி: பார்வையில்லாத என் தம்பி, போன் வாசிக்கக் கேட்டுப் படிக்கிறான். சில அறிவித்தல்களில் மட்டும் போன் ஊமையாகிறது. ஏன்? – பதுளை வாசகி

பதில்: கடிதத்தை ஸ்கேன் பண்ணிப் படமாகப் போட்டிருப்பார்கள். நம் கண்ணுக்கு எழுத்து தெரியும். பல வாசிப்புச் செயலிகளுக்கு அது வெறும் படம். இந்தப் பழக்கத்தை இங்கே எத்தனை முறை திட்டினாலும் எனக்கு அலுக்காது. பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டினாலும் கஷ்டம்தான்: உருவம் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். செயலி உளறும். யூனிகோடில் தட்டி, பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்துவிட்டால், தமிழ்க் குரல் உள்ள போன் ஒழுங்காக வாசிக்கும். கையொப்பமும் முத்திரையும் தெரிய வேண்டாமா என்று கேட்பார்கள். தாராளமாகத் தெரியட்டும்; ஸ்கேனுக்கு மேலே அதே வாசகம் எழுத்தாகவும் இருக்கட்டும். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. அரசாங்க அறிவித்தலைத் தமிழில் கேட்டறிவது உங்கள் தம்பிக்கு உரிமை. யாரும் போடும் பிச்சை இல்லை. வெளியிட்ட அலுவலகத்துக்கு இன்றே எழுதுங்கள். பக்கத்தின் முகவரியையும், எந்தப் போனில் எந்த இடத்தில் வாசிப்பு நின்றது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.