கடன் வாங்கிக் கழித்தல்

கழித்தல் கணக்கில் பக்கத்து இலக்கத்திடம் வாங்கும் கடனை யாருமே திருப்பித் தருவதில்லையே, நியாயமா?
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பத்து ரூபாய் நோட்டுக்குச் சில்லறை மாற்றினால் கடன்காரர் ஆகிவிடுவோமா? 52-இல் 7-ஐக் கழிக்க ஒரு பத்தை உடைக்கிறோம். 4 பத்து, 12 ஒன்று. மொத்தம் அதே 52தான். 'கடன்' என்ற சொல்லை விட்டு 'சில்லறை மாற்று' என்று சொல்லிக்கொடுங்கள். பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்.

10000-இல் 4687 போக எவ்வளவு? பக்கத்து வீடெல்லாம் பூஜ்யம், எந்தக் கதவைத் தட்டுவது?
(ஐந்தாம் வகுப்பு மாணவனின் அப்பா, கடலூர்)

தட்டவே வேண்டாம். ஒரு ரூபாயைத் தனியே எடுத்து வைத்தால் மீதி 9999. ஒன்பதில் எந்த இலக்கமும் போகும்! 4 போக 5, 6 போக 3, 8 போக 1, 7 போக 2. எடுத்து வைத்த ஒன்றையும் சேர்த்தால் 5313.

1642-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் உருவாக்கத் தொடங்கிய கணக்கு இயந்திரத்தில் சக்கரங்கள் ஒரே பக்கம்தான் சுழலும். அதனால் அது இந்த ஒன்பதை நம்பி, கூட்டியேதான் கழித்தது.

விடை சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். 5313-உடன் 4687-ஐக் கூட்டச் சொல்லி மகனிடமே கேளுங்கள்.