திருக்கை பால் கொடுக்குமா?

கேள்வி: பிள்ளை பெற்றவளுக்குத் திருக்கைக் குழம்பு கொடுத்தால் பால் ஊறும் என்கிறார் மாமியார். திருக்கையே குட்டி போட்டுப் பால் கொடுக்குமா?
– வாசகி, கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்

பதில்: கொடுக்கும் அம்மா, பிரசவத்துக்கு முன்பே கொடுத்து முடித்துவிடும்! முள்வால் திருக்கையின் கருப்பைச் சுவரில் மெல்லிய இழைகள் தொங்கும். அவற்றிலிருந்து கொழுப்பும் புரதமுமாகப் பால்போல ஒரு திரவம் சுரக்கும். செட்டையை வெற்றிலைச் சுருள்போல மடித்துக்கொண்டு குட்டி உள்ளேயே அதைக் குடித்து வளரும். பிறந்த நாளே நீந்தி, தன் இரையைத் தானே தேடும், தாலாட்டுக்கு வேலையில்லை.

முட்டையிடும் திருக்கைகளும் உண்டு. தோல்பை போன்ற உறைக்குள் முட்டையை வைத்துக் கடலடியில் விட்டுவிடும். நம் பக்கம் இவை பெரும்பாலும் ஆழ்கடல்வாசிகள்.

எனக்குக் கவலை எண்ணிக்கையில்தான். மத்தி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். யானைத் திருக்கை பெரும்பாலும் ஓராண்டு சுமந்து ஒரே குட்டி போடும். பல இனங்களில் பெண்தான் பெரிது, வலையில் முதலில் சிக்குவதும் பெரியதுதான். சினைத் திருக்கை பிடிபட்ட அதிர்ச்சியில் படகிலேயே குட்டியை ஈன்றுவிடுவதும் உண்டு. ஐரோப்பாவில் சாதாரணமாகக் கிடைத்த பெரிய திருக்கை ஒன்று ஐரியக் கடலில் ஏறக்குறைய அற்றுப்போனதை 1981ல் ஓர் ஆய்வு காட்டியது. அது ஓர் இனமல்ல, இரண்டு இனம் என்று தெரிந்ததோ 2010 வாக்கில்!

சந்தையில் வாலடியைப் பாருங்கள். இரண்டு விரல்போல நீட்டியிருந்தால் ஆண். மாமியாரிடம் சொல்லிவிடுங்கள், குழம்புக்கு அதுவே போதும்.