தாரா சுடும் துவக்கு

பழைய வீடியோ கேம் மெஷின்களைச் சேர்த்து வைக்க உலகத்திலேயே தோதில்லாத இடம் எதுவென்று யாரும் கேட்டால், நான் நயினாதீவைத்தான் காட்டுவேன். அங்கேதான் குடியிருக்கிறேன் என்பதால் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு. நாலு பக்கமும் உப்புக்காற்று. கசெற்றின் அடியில் வரிசையாக நிற்கும் பின்களில், சோளகம் ஒரு பருவம் வீசி முடிவதற்குள் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். நின்ரெண்டோ கம்பனியின் அசல் கசெற் என்றால் மெல்லிய தங்கப்பூச்சு கொஞ்ச நாள் காப்பாற்றும். எங்கள் கைக்கு வந்தவை பெரும்பாலும் தாய்வானிலும் சீனாவிலும் செய்த நகல்கள். அவற்றின் தங்கம் பெட்டியில் அச்சடித்த எழுத்தோடு முடிந்துவிடும்.

கசெற் ஓடாவிட்டால் அடியில் வாயை வைத்து ஊதுவது உலகம் முழுவதும் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்த வைத்தியம். ஊதினால் எச்சில் ஈரம் பட்டுப் பின் இன்னும் கெடும். ஊத வேண்டாம் என்று நின்ரெண்டோவே பிறகு எழுதி வைத்தது. கழற்றித் திரும்பச் செருகும்போது பின் சரியாகப் பொருந்துவதால்தான் மெஷின் உயிர் பெறுகிறது. இதை மருமக்களுக்கு ஆறுதலாக விளங்கப்படுத்துவேன். விளங்கப்படுத்திவிட்டு நானும் ஒருக்கால் ஊதுவேன். அதன் பிறகுதான் பாமசியில் வாங்கிய ஸ்பிரிட்டும் அழிறப்பரும்.

"குத்துவிளக்குக்குப் போடுற புளி கொஞ்சம் தரட்டே?" என்று குசினியிலிருந்து மனைவி கேட்பதுண்டு. அது உதவி செய்கிற குரல் இல்லை. நாங்கள் இருப்பது அவவின் சீதன வீடு. அலுமாரியில் எனக்குப் பாத்தியதை உள்ளது ஒரே தட்டு. அதில் மூன்று மெஷின், ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கசெற், பிடி உடைந்த ஜோய்ஸ்ரிக்குகள், ஒரு கறுப்புத் துவக்கு.

துவக்குக்குப் பிறகு வருகிறேன்.

இந்த மெஷின் முதலில் யப்பானில் 1983 ஜூலையில் ஃபமிகொம் என்ற பெயரில் வந்தது. மசயுக்கி உவெமுரா என்ற பொறியியலாளர் வடிவமைத்தது. எங்கள் பக்கம் அந்தப் பெயரை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்களுக்கு அது ரிவி கேம். கூடவே வரும் மஞ்சள் கசெற்றில் 9999 கேம் என்று கூசாமல் எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தால் ஏழெட்டுத் தேறும். மிச்சமெல்லாம் அதே மாரியோ இரண்டாம் கட்டத்திலிருந்து, அதே மாரியோ மூன்றாம் கட்டத்திலிருந்து, அதே மாரியோ தொப்பி நிறம் மாறி. 1985இல் வந்த சுப்பர் மாரியோ முழுவதும் 40 கிலோபைட்தான். விடிய எழும்பினால் வாட்ஸப்பில் பெரியம்மா அனுப்பும் ரோசாப்பூ வணக்கம் அதைவிடப் பெரிது.

தீவுப்பகுதி ஆட்களுக்கு உலகத்தின் எல்லா மூலையிலும் சொந்தம் உண்டு. அதனால் என் சேகரிப்பை நான் சேர்த்தேன் என்று சொல்வது சரியில்லை. அவரவர் வீட்டு நிலவறையைத் துப்புரவாக்கும்போது குப்பைக்குப் போகாமல் தப்பியவைதான் என்னிடம் வந்து ஒதுங்கின. ரொறன்ரோ மாமா கோயில் திருவிழாவுக்கு வந்தபோது அசல் நின்ரெண்டோ ஒன்றைச் சொக்லேற்றுகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். கனடாவில் கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. நான் வாசித்துப் பார்ப்பதற்குள் மச்சான் அடப்டரைச் செருகிவிட்டான். பிறகு வீட்டில் இரண்டு நாள் சாம்பிராணி போட வேண்டியிருந்தது. நல்ல காலம், மெஷினுக்கு ஒன்றுமில்லை. 9 வோல்ட் கிடைத்தால் அது ஏசியா டிசியா என்று அந்த மெஷின் பார்ப்பதில்லை. ஊர்காவற்றுறையில் றேடியோ திருத்துகிற அண்ணை ஒருவர் பழைய ட்ரான்ஸ்போமர் ஒன்றைப் பிடித்துக் காரியத்தை முடித்துவிட்டார்.

பாரிஸ் பெரியப்பா அனுப்பியது இன்னும் வில்லங்கம். பிரான்ஸில் விற்ற மெஷினின் வயர் முனையில் கைச்சீப்பு அகலத்துக்கு ஒரு செருகி: ஸ்கார்ட். அதைச் செருக இடமுள்ள ரிவியை யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் நான் காணவில்லை. சரி, மெஷின் கிடக்கட்டும், கசெற்றையாவது ரொறன்ரோ மெஷினில் போடுவோம் என்றால், சிவப்பு விளக்கு செக்கனுக்கு ஒருதரம் எரிந்து எரிந்து அணைந்தது. இரண்டுக்குள்ளும் பூட்டுச் சிப் ஒன்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்காப் பக்கத்துக்கு ஒரு திறப்பு, ஐரோப்பாவுக்கு வேறு திறப்பு. மாமாவும் பெரியப்பாவும் வேலணையில் ஒரு முழம் வேலி தள்ளிப் போட்ட கதையில் முப்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அவர்கள் தந்த சாமான்களும் அதே கோபத்தோடுதான் கடல் கடந்து வந்து சேர்ந்திருந்தன.

இனித் துவக்கு.

தாரா சுடுகிற கேம் 1984இல் வந்தது. புல்லுக்குள்ளிருந்து தாரா எழும்பும், ரிவியைப் பார்த்துச் சுட வேண்டும். விசையை இழுத்ததும் திரை கண் இமைக்கிற நேரம் கறுப்பாகும். உடனே தாரா நின்ற இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றும். துவக்கின் குழலுக்குள் இருக்கும் ஒளிக்கண் முதலில் கறுப்பையும் பிறகு வெள்ளையையும் கண்டால் தாரா செத்தது. பழைய குழாய் ரிவியில் இந்த விளையாட்டு அந்தந்தக் கணத்திலேயே நடக்கும். இப்போதைய தட்டை ரிவி படத்தை ஆறப்போட்டுக் காட்டுவதால் துவக்கு ஏமாந்துவிடும். ஆகவே எனக்கு ஒரு பெட்டி ரிவி தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பழைய இரும்புக்காரர் ஒருவரிடம் 14 அங்குல ரிவி ஒன்று, கையோடு கொண்டுபோன மெஷினைப் போட்டுப் பார்த்து, எடைக்கு எடை விலைபேசி வாங்கினேன்.

பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டி, புங்குடுதீவு முழுக்க அந்த ரிவி பஸ்ஸில் என் மடியில் இருந்தது. குறிகட்டுவானில் இறங்கித் துறைமுகத்துச் சோதனைச் சாவடிக்கு வந்தபோதுதான் பைக்குள் என்ன இருக்கிறதென்று எனக்கு உறைத்தது. அமெரிக்காவில் விற்ற துவக்கை, விளையாட்டுச் சாமான் சட்டத்துக்காக 80களின் கடைசியில் செம்மஞ்சள் நிறமாக்கினார்கள். நகல் செய்தவர்களுக்கு அந்தச் சட்டம் போய்ச் சேரவில்லை. என்னுடையது கன்னங்கறுப்பு. சண்டை முடிந்து கொஞ்சக் காலம்தான். யாழ்ப்பாணத்தான் ஒருவன், கறுப்புப் பிஸ்டலோடு, கடற்கரையில்.

"மே மொக்கத?" என்றான் சீருடைப் பெடியன், இரண்டு விரலால் அதைத் தூக்கி.

எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸுக்குப் போதும், துவக்குக்குப் போதாது. "தாராவா... டீவி கேம்... தாராவா" என்று கையைச் செட்டையடித்துக் காட்டினேன். அவன் குழலுக்குள் பார்த்தான். உள்ளே கண்ணாடி. பெரியவரைக் கூப்பிட்டான். பெரியவர் துவக்கைப் பார்த்தார், ரிவியைப் பார்த்தார், சப்பாத்துப் பெட்டியைப் பார்த்தார். பிறகு சாவடிக்குள் இருந்த பிளக்கைக் காட்டினார். போட்டுக் காட்டு.

படகில் ஏறுவதற்கு நாகபூசணி அம்மனுக்கு அர்ச்சனைத் தட்டோடு ஒரு கூட்டம், நாகவிகாரைக்குத் தாமரைப்பூவோடு ஒரு கூட்டம். எல்லாரும் பார்த்திருக்க நான் வயரைப் பொருத்தினேன். கடவுளே என்று கசெற் முதல் தரத்திலேயே ஓடியது. பெரியவர் துவக்கைக் கேட்டு வாங்கி, முறைப்படி காலை அகட்டி நின்று, ஒரு கண்ணை மூடி, மூன்று வெடியும் வைத்தார். மூன்றும் தவறியது. புல்லுக்குள்ளிருந்து அந்த நாய் எழும்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தக் கேமை விளையாடிய எல்லாரும் அந்த நாயைச் சுட முயன்றிருக்கிறார்கள். வீட்டு மெஷினில் அது சாகாது. பெரியவரும் முயன்றார். பிறகு இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று போய், படகுக்காரர் "தம்பி, பூசைக்கு மணி அடிக்கப்போகுது" என்று கத்திய பிறகுதான் துவக்கு என் கைக்குத் திரும்பியது. படகில் எல்லாருக்கும் பாதுகாப்பு அங்கி கொடுத்தபோது மிச்சமாயிருந்த ஒன்றைப் படகுக்காரர் ரிவிக்குக் கட்டிவிட்டார். பக்கத்தில் இருந்த ஆச்சி அதை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டா: "அம்மாளாச்சிக்கு நேர்த்தியோ மோனை?"

ஓம் என்றேன். தாராவை மறுபடி ஆரம்பிக்கத் தெம்பில்லை.

கேமைப் பெட்டி உடைக்காமல் வைத்திருந்தால்தான் மதிப்பு என்று வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் சொல்வார்கள். பிரிக்காத சுப்பர் மாரியோ ஒன்று 2021 ஓகஸ்டில் 20 லட்சம் டொலருக்கு விலைபோனது. அன்றைய கணக்கில் எங்கள் காசு 40 கோடி. அதை வாங்கியவரும் பிரித்து விளையாடப் போவதில்லை. எனக்கு இந்தப் பிரிக்காத பக்தி ஏறவே இல்லை. விளையாடாத கேமை வைத்திருந்த அனுபவம் எங்கள் வீட்டுக்கு வேண்டிய அளவு உண்டு.

1989இல் கொழும்பிலிருந்து சின்ன மாமா ஒரு ரிவி கேம் வாங்கிவந்தார். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கிக் கரண்ட் நின்றது. ஓகஸ்டில் நாங்கள் வேலணையை விட்டு மானிப்பாயில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம். கேம் இருந்தது, அந்த வீட்டில் ரிவியும் இருந்தது. பற்றரி தடைசெய்த சாமான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றினால் றேடியோ பாடும். ரிவிக்கு அது காணாது.

அதனால் கரண்ட் இல்லாமலே விளையாடினோம். நானும் தம்பியும் ஜோய்ஸ்ரிக்கைப் பிடித்துக்கொண்டு கறுப்புத் திரைக்கு முன்னால் இருப்போம். பக்கத்தில் அக்கா. அக்காதான் திரை. "இப்ப ஆமை வருது... பள்ளம், பள்ளம்... பாயடா!" என்பா. பிந்திப் பாய்ந்தால் செத்தது. உப்பும் தூளும் போட்ட மாங்காயில் பங்கு கொடுக்காதவன் முதல் பள்ளத்திலேயே சாவான். கொன்ட்ரா விளையாடும்போது தம்பி, கொழும்புப் பெடியள் சொல்லிக்கொடுத்த மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் எல்லாம் ஒழுங்காக அமத்தி, தனக்கு 30 உயிர் என்பான். கசுஹிஸா ஹஷிமோட்டோ என்ற யப்பான்காரர், தான் முன்பு செய்த வேறொரு கேம் தனக்கே கஷ்டமாயிருந்தபடியால் வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. கரண்ட் இல்லாத மெஷினில் அது செல்லுமா என்று வழக்குப் போய் அப்பாவிடம் நின்றது. அப்பா 15 என்று தீர்த்தார்.

ஒரு கலியாண வீட்டுக்கு மண்ணெண்ணெய் ஜெனரேற்றர் பிடித்து விடிய விடியப் படம் போட்டார்கள். இரண்டாம் படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் இடையில் கெஞ்சிக் கூத்தாடிக் கால் மணித்தியாலம் வாங்கினோம். உண்மை மாரியோ திரையில் ஓடினான். தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். "இதிலை கிணத்தடி முனி வரேல்லையே" என்றான். அக்காவின் மாரியோவில் மூன்றாம் கட்டத்தில் முனி வரும். மாரியோ திருநீறு பூசினால்தான் தப்புவான்.

1995 அக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மா தையல் மெஷினை விட்டுவிட்டு வந்தா. நாவற்குழிப் பாலம் தாண்டித்தான் என் உடுப்புப் பையைத் திறந்தா. உள்ளே ரிவி கேம். "காற்சட்டை எங்கையடா?" என்றுமட்டும் கேட்டா. காற்சட்டை மானிப்பாயில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அலுமாரித் தட்டில் இருக்கும் மூன்றில் ஒன்று அதுதான். இன்னும் ஓடுகிறது.

2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் எடுக்கிற வேலையைச் சீனக் கூட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கொடுக்க அரசாங்கம் தீர்மானித்தது. இந்தியா முகத்தைச் சுளித்தது. வருடக் கடைசியில் சீனர் ஒதுங்கிக்கொண்டார்கள். 2024 மார்ச்சில் 1 கோடி 10 லட்சம் டொலர் இந்திய நன்கொடையில், பெங்களூர்க் கம்பனி ஒன்றோடு ஒப்பந்தம் எழுதினார்கள். எங்கள் கரண்டுக்காக இரண்டு வல்லரசுகள் மல்லுக்கு நிற்பதைப் பேப்பரில் வாசிக்கப் பெருமையாகத்தான் இருந்தது. எனக்குத் தேவை 9 வோல்ட்.

அதற்கும் வழி உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது மோட்டார் சைக்கிள் பற்றரியைக் கழற்றி மெஷினுக்குக் கொடுத்தேன். 12 வோல்ட் போனாலும், உள்ளே 7805 என்ற மூன்றுகால் சாமான் அதை 5 ஆக்கித்தான் விடும், மிச்சத்தைச் சூடாகக் கக்கும். வானில் பூட்டுகிற சின்னத் திரை ஒன்றில் கொன்ட்ரா ஓடியது. கொழும்பிலிருந்து மச்சான் போனில் அழுதுகொண்டிருந்தான்: நெற் இல்லையாம், அவனுடைய புது மெஷின் கேமைத் திறக்கவே விடுகுதில்லையாம். நான் அதிகம் பேசவில்லை. ஒரு கையால்தான் விளையாட வேண்டியிருந்தது.

நெடுந்தீவில் ஒரு கூட்டாளி இருக்கிறான். கசெற் மாற்றுவது படகுக்காரர் கையில் கொடுத்துத்தான். கடல் கொந்தளித்தால் கொன்ட்ரா இரண்டு கிழமை நெடுந்தீவிலேயே நின்றுவிடும்.

போன கிழமை சுவிஸ் சித்தி போன் எடுத்தா. நிலவறையில் ஒரு சாம்பல் கசெற் அகப்பட்டதாம், எனக்கு உதவுமா? ஒரு பக்கத்தில் பின் எத்தனையென்று எண்ணச் சொன்னேன். யப்பான் வகைக்கு 30, மற்றதற்கு 36. சித்தி சத்தமாகவே எண்ணினா. முப்பத்திமூண்டு என்றா. முப்பத்திமூன்று பின்னோடு ஒரு கசெற் எனக்குத் தெரிந்து உலகத்தில் இல்லை.

"கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்ப ஒருக்கால் எண்ணுங்கோ சித்தி."

"கண்ணாடி போட்டுத்தான் எண்ணினனான்," என்றா சித்தி. "நீ வேணுமெண்டால் ஊதிப் பார்."