யார் எழுதும் கணக்கு?

கே: கையில் காசே நிற்காத ஏழைகளிடம் போய், ‘வரவு செலவு எழுது, சேமி’ என்று தொண்டு நிறுவனங்கள் வகுப்பெடுப்பது வேடிக்கையாக இல்லையா?
- வாசகர் ஒருவர், திருமங்கலம்

ப: அவர்கள் எழுதாவிட்டால் தண்டல்காரர் எழுதிக்கொள்வாரே! 10,000 ரூபாய் கடனில் 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு, தினம் 100 வீதம் 100 நாள் வசூலிப்பார். அட்டையில் ‘வட்டி’ என்ற சொல்லே இருக்காது.

இதற்கு மாற்றாக, மதுரை தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்களில் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். அந்த இயக்கத்தை வழிநடத்திய சின்னப்பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், 2001-ல் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார்.

வெறும் வகுப்பு வேடிக்கைதான். கூடவே நியாய வட்டியில் கடனும் கொடுத்தால், வேடிக்கை தண்டல்காரர் பாடு!